இன்சாவின் பெயரில் மூன்று செடி

வயது வந்த ஒருவர் தன் வீட்டில் மூன்று கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்கிறது எங்கள் நாட்டுச் சட்டம். நானும் என் மனைவி இன்சாவும் சேர்ந்து ஆறு வளர்த்தோம். ஆகஸ்டில் இன்சா போய்விட்டாள். செடிகள் இங்கேயே நின்றன.

வேறொருவனோடு போகவில்லை. போயிருந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பான். லேயர் நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். "இங்க எனக்கு மூச்சு முட்டுது, ஹாப்போ" என்றாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவன் கேட்கிற கேள்வியா அது?

மறுநாளே பக்கத்து வீட்டு ஐலெர்ட் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவன் வீட்டு விவகாரம் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி.

"மொய்ன்" என்று எங்கள் ஊர் வணக்கம் வைத்தான். "பொண்டாட்டி போயாச்சு. இப்ப உன்கிட்ட மூணு செடி கூடுதலா இருக்குடா, திருட்டுப் பயலே."

"அவ பேரு இன்னும் இந்த விலாசத்துலதான் இருக்கு."

"குடி மாறினா ரெண்டு வாரத்துல நகராட்சியில பதியணும். அவ பதிஞ்ச அன்னிக்கு நீ மூணைப் பிடுங்கணும். பிடுங்கறப்ப கூப்பிடு, வேடிக்கை பார்க்க வரேன்."

நான் அன்றே இன்சாவுக்கு போன் செய்தேன். விலாசத்தை மாற்றாதே, மாற்றினால் உன் செடிகள் போய்விடும் என்றேன்.

"அறுவடை வரைக்கும்தான்" என்றாள்.

அவளுடைய மூன்றும் ஒரே ரகம். விதைப் பொட்டலத்தில் அன்னாசிப் படம் போட்டிருந்ததால் அன்னாசி என்றே கூப்பிட்டோம். முக்கால்வாசி சாட்டிவா என்ற இனம். வெயில் நாட்டு வம்சம். நெடுநெடுவென்று வளர்ந்து, ஆற அமர அக்டோபர் கடைசியில்தான் பழுக்கும். எங்கள் கடற்கரையில் அக்டோபர் என்றால் தூறல். காலைப் பனி மத்தியானம் வரை இலையில் நிற்கும். குளிர் பெரிதாக இல்லை, ஈரம்தான் எமன். போன வருஷம் பூ திரள்வதற்குள்ளேயே எல்லாம் அழுகிப்போனது. குட்டை ரகம் போடு என்று ஊரே சொன்னது. "ஒரே ஒரு தடவை அது பழுக்கறதைப் பார்க்கணும்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் புத்திசாலி. குட்டை ரகம் போட்டேன். குண்டுப் பூ, செப்டம்பர் நடுவில் தயார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் காரில் வந்தாள். கொட்டகையை ஒட்டிய பிளாஸ்டிக் கூரைக்கடியில் நின்று, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பூவின் பிசின் மணிகளைப் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் காய், பால் நிறம் வந்தால் பழம்.

"இன்னும் தெளிவாத்தான் இருக்கு" என்பாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு தேநீர். கற்கண்டும் பாலாடையும் போட்டு மூன்று கோப்பை குடிப்பாள். போதுமென்றால் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். மூன்றுக்கு முன்னால் அவள் கரண்டியைப் போட்டதில்லை. அதை வைத்தே நான் மனக்கோட்டை கட்டினேன்.

செப்டம்பர் நடுவில் என் செடிகள் பழுத்தன. கத்தரியோடு போய் முதல் தண்டைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. என் மூன்றையும் வெட்டினால் மிச்சம் மூன்று. மூன்று என்பது என் ஒருவனுடைய பங்கு. சட்டத்துக்கு இன்சாவின் பெயர் தேவைப்படாது. திங்கட்கிழமையே போய் விலாசத்தை மாற்றிக்கொள்வாள்.

கத்தரியைக் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தேன்.

"உன்னுது பழுத்தாச்சே?" என்று அந்த ஞாயிறு கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கனம் ஏறட்டும்."

அப்புறம் ஒன்பது நாள் மழை. என் குண்டுப் பூ ஒன்றில் ஒரே ஓர் இலை மஞ்சளாக நின்றது. தொட்டதும் கையோடு வந்தது. பூவைப் பிளந்தால் உள்ளே பழுப்பு, சாம்பல் தூளாகப் பூஞ்சை. அழுகின பூக்களைச் சனிக்கிழமைகளில் ரகசியமாக வெட்டிப் பையில் கட்டினேன். செடியை மட்டும் வெட்டவில்லை. நாலு இலை மிஞ்சினாலும் அது செடிதானே! அந்தச் சாம்பல் பக்கத்தில் நிற்கிற அன்னாசிக்குத் தாவும் என்று தெரியாதா எனக்கு? தெரியும்.

ஒரு ஞாயிறு அவள் சொட்டச் சொட்ட வந்தாள்.

"பேக்கரித் தெருவுல கார் நிறுத்த அட்டை தரமாட்டேங்கறாங்க. விலாசம் அங்க இருக்கணுமாம். தினமும் ரயில் ஸ்டேஷன் பக்கம் விட்டுட்டு மழையில நடக்கறேன்."

அவள் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து அடுப்போரம் வைத்தேன். வெட்கமாக இருந்தது. சரி, போய் மாற்றிக்கொள் என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

அக்டோபர் மூன்றாம் ஞாயிறு தோட்டத்திலிருந்து கத்தினாள். "ஹாப்போ! ஓடி வா! பால் வந்துடுச்சு!"

அன்னாசி வாசனை வேலி தாண்டி அடித்தது. வசந்தத்துக்குப் பிறகு முதல் முறையாக என் கையைப் பிடித்தாள். "பாதிக்கு வந்துடுச்சு. இன்னும் ஒரே வாரம். அடுத்த ஞாயிறு வெட்டிடலாம்." குழந்தை மாதிரி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேதான், அடுத்த ஞாயிறு வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

செவ்வாயன்று மூடுபனி இறங்கியது. காற்றே இல்லை. புதனன்று அவள் செடியில் ஒரு மஞ்சள் இலை. வியாழனன்று எட்டு. மின்விசிறி வைத்தேன், ஒவ்வொரு கிளையாகத் துடைத்தேன். போன் பத்து தடவை கைக்கு வந்தது. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்து மிச்சத்தையாவது வெட்டியிருப்பாள். ஆனால் வெட்டினால் எல்லாம் முடிந்ததே. போனைக் கீழே வைத்தேன். சனிக்கிழமை வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஞாயிறு வந்தாள். இரண்டு விரலால் ஒரு பூவைப் பிரித்தாள். சாம்பல் பறந்தது. இன்னொன்று. அடுத்த செடி. மூன்றாவது செடி. பிறகு என் மொட்டைச் செடிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுலேர்ந்துதான் வந்திருக்கு. செப்டம்பர்லயே பழுத்துச்சே, ஏன் வெட்டல?"

நான் குனிந்து என் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினேன்.

"வெட்டியிருந்தா மூணுதானே மிச்சம்... மூணு உனக்கே..." பாதியில் நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"அடப்பாவி" என்றாள், மெல்ல. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "போகாதேன்னு வாயத் திறந்து ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இருந்திருப்பியா?"

யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"இல்ல."

ஆறு செடிகளையும் அடியோடு வெட்டினோம். ஆளுக்கு மூன்று. பைகளைக் கட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தோம். ஈரத்தில் ஊறிய அவள் ஷூவுக்குள் மறுபடி செய்தித்தாளைத் திணித்து அடுப்போரம் வைத்தேன். ஒரு கோப்பை குடித்தாள். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள். நான் கெண்டியைப் பிடித்தபடியே நின்றேன்.

அடுப்போரம் கிடந்த ஷூவை எடுத்து, உள்ளே இருந்த காகிதத்தை உருவிவிட்டுக் கொடுத்தேன். இன்னும் காயவில்லை.

"வியாழக்கிழமை நகராட்சி ஆபீஸ் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்" என்றேன். "அடையாள அட்டையை மறந்துடாத."