கால் புண்ணுக்கு வெறும் மாத்திரை

புது மருந்துகளை மனிதர்கள் மேல் சோதித்துப் பார்க்கும் அந்த அம்மான் நகர நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. டாக்டர் ஸுஹைர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத் தோளைத் தொங்கப்போட்டார்.

"இப்ப நான் டாக்டர் இல்ல. கராக் பக்கத்துக் கிராமத்துல ஆடு மேய்க்கிற ஹாஜி. சர்க்கரையில கால் புண்ணு. வெறும் மாத்திரைன்னா என்னன்னு எனக்குப் புரிய வைங்க."

எதிரே இருந்த நர்ஸ் ருதைனா வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டை மூடிவிட்டார்கள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் கணவனோடு மஃப்ரக்கில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஹாஜியாரே, பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாதது. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புண்ணுக்குக் கட்டு மட்டும் எல்லாருக்கும் மாத்துவோம்."

"டாக்டருக்கே தெரியாதா? அப்புறம் எதுக்கு அவரு?"

ஆள் எடுக்கும் அதிகாரி லமீஸ் கடமைக்குச் சிரித்தாள்.

"தெரிஞ்சா முகத்துல காட்டிடுவாரு."

"சரி தாயி. எனக்கு மருந்துள்ளதுதானே வரும்?"

இங்கே 'இன்ஷா அல்லாஹ்', இறைவன் நாடினால், என்று சொல்ல வேண்டும். குழாய் ரிப்பேர்க்காரன் நாளைக்கு வருவானா என்றாலும் அந்த ஊரில் அதுதான் பதில். கேட்டவன் ஆமாம் என்று எடுத்துக்கொள்வான். சொன்னவனும் பொய்யன் ஆகமாட்டான். நிறுவனம் பெருமையடித்துக்கொள்ளும் நோயாளிகளின் சம்மதக் கையெழுத்துகளில் பாதி அந்தச் சொல்லால் விழுந்தவை. லமீஸின் பேனா காத்திருந்தது. ருதைனாவுக்கு நுனிநாக்கு வரை வந்தது.

"தெரியாது ஹாஜியாரே. வராமலும் போகலாம்."

"வராம, புண்ணு பெருசாச்சுன்னா?" குரலில் இப்போது கராக் கிராமத்தான் இல்லை.

"மாத்திரையை நிறுத்திட்டு வேற வைத்தியம் பார்ப்போம். ஆனா அதுக்குள்ள போன விரல் திரும்பி வராது."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்." சொன்னது ஹாஜியா, டாக்டரா?

"நோயாளியே ஒத்துக்கலியே ருதைனா," என்றாள் லமீஸ்.

"ஒத்துக்காம போக அவருக்கு உரிமை உண்டுன்னு நாமதானே சொல்லணும்?"

"சொல்லணும்தான். சொல்லிட்டு ஒத்துக்க வைக்கணும். அதுக்குத்தானே சம்பளம்?" லமீஸ் அடுத்தவரைக் கூப்பிடப் போனாள்.

கதவு சாத்தியதும் டாக்டர் வலது ஷூவைக் கழற்றினார். "ஒரு நிமிஷம் பாரும்மா."

வேலை இல்லை என்று ஆன பிறகும் அவள் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"யார்கிட்ட காட்ட? இந்த ஊர்ல சர்க்கரை டாக்டர் பூரா என் மாணவனுங்க."

"இன்னிக்கே காட்டுங்க. மாணவன் கையால போனாலும் விரல்தான் போகும். விட்டா கால்."

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் அவசரமாகக் காலை ஷூவுக்குள் திணித்தார். வலியில் முகம் வெளுத்தது. "வெளியில சொல்லிடாத," என்றார்.

ருதைனா படியில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள்.

"மஃப்ரக்குக்குப் பொட்டியைக் கட்டுங்க," என்றாள்.

"இன்டர்வியூல நல்லாத்தானே பேசினே?" என்று கேட்டான்.