மாப்பிள்ளைக்கு இடது காலில் பஞ்சு குறைவு

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. கேட்டவள் என் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அராசெலி அக்கா.

"வர்றவன் போறவன் எல்லாம் என் முற்றத்தை போட்டோ எடுத்துட்டுப் போறான். நீ இருபது வருஷமா பக்கத்துலயே உக்காந்து எதையோ எழுதிக் கிழிக்கிற. என் சிட்டுங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும், அவள் முற்றத்தில் உட்கார்ந்து, தமிழில் எழுதியதை அவளுடைய ஸ்பானிஷில் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இன்று வெள்ளி.

ஆகவே உங்களைத் தவிர இதைக் கேட்கப்போகிறவள் இன்னொருத்தி இருக்கிறாள். அதை மறக்காமல் படியுங்கள். நான் அதை மறக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கொலம்பியாவின் மேற்கு மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில், மேகம் வந்து..." வேண்டாம். பயண நிறுவனத்தின் துண்டுத்தாள் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: "பறக்கும் மரகதம்..." அடித்துவிட்டேன். மரகதத்துக்குப் பசிக்காது. இதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பசிக்கும்.

மூன்றாவது. அராசெலி அக்காவின் பின்முற்றத்தில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், ஒன்பது குப்பிகள் தொங்குகின்றன. தலைகீழான கண்ணாடிப் புட்டி, அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பூ, உள்ளே சீனித் தண்ணீர். மழை விட்டதும் காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து அவை வரும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு ர்ர்ர். திரும்பினால் ஒன்றுமில்லை. மறுபடி திரும்பினால் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் ஒரு சிட்டு காற்றில் நிற்கிறது. பறக்கவில்லை, நிற்கிறது. சிறகு இருக்கும் இடத்தில் வெறும் புகை. அது உங்களை மேலும் கீழும் பார்த்து, இதில் தேன் இல்லை என்று முடிவுகட்டி, பின்பக்கமாகவே நகர்ந்து போகும். அது தலையைத் திருப்பினால் கறுப்பாக இருந்த தொண்டை திடீரென்று பச்சையாக எரியும்.

இருபது வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை. கையில் துவைத்த துணியோடு வாய்பிளந்து நின்று, துணியை மறுபடி சேற்றில் போட்ட நாள்கள் எத்தனையோ.*

* இதற்குத் தமிழில் ஓசனிச்சிட்டு என்று ஒரு பெயர் உண்டு. நம் ஊர் தேன்சிட்டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. நான் சிட்டு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

3

அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. பெருவிரல் நீளத்துக்கு உடம்பு, அதைவிட நீளமாக வால். வாலில் இரண்டே இறகு, நுனியில் இரண்டு கரண்டி. எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டு காலிலும் வெள்ளை வெளேரென்று பஞ்சுருண்டை. கல்யாணத்துக்குக் காலுறை போட்டுக் கிளம்பியவன் மாதிரி இருப்பான். இந்த இனத்து ஆண்கள் எல்லாருக்கும் அந்தப் பஞ்சு உண்டு. மாப்பிள்ளைக்கு மட்டும் இடது காலில் பாதிதான்.

அதை அக்காவுக்குச் சொன்னவள் நான். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கடைசி மூன்று வருடம் அவள் முற்றத்தை என் வாய்வழியாகத்தான் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் பார்வை மங்கிய பிறகு வந்தவன். அவனை அவள் ஒரு தடவைகூடத் தெளிவாகக் கண்டதில்லை.

"இப்ப யாரு?"

"மாப்பிள்ளை. கொடிக்கம்பியில."

"காலு?"

"இடது கால் இன்னும் பாதிதான் அக்கா."

"பாவம், காலுறை அலம்புறப்ப சுருங்கிடுச்சு போல."

தினமும் இதே பேச்சுதான், தினமும் சிரிப்பாள்.

ஒரு ஜூலை மாதக் குளிர்காலையில் அவன் கம்பியைப் பிடித்தபடியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். விறைத்திருந்தான். தொட்டால் கூழாங்கல்.

"செத்துட்டான் அக்கா," என்றேன்.

"சும்மா இரு. எழுதுறவளுங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கிறதுல என்ன அவசரமோ!"

தடவித்தடவி அவனைக் கழற்றி இரண்டு உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். குளிர் தாங்காத இரவில் இவை நெருப்பை அணைத்துவைப்பது போல உயிரை அடக்கிவைக்கும், சூடு பட்டால் திரும்பும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கால்மணி நேரம் போயிற்று. "வா, காது வை," என்றாள். அவள் விரலிடுக்கில் காதை வைத்தேன். உள்ளே ஒரு நடுக்கம். இதயமா, உடம்பு முழுவதுமா, பிரிக்க முடியவில்லை. அவள் கையை விரித்தாள். மூன்று புளியங்கொட்டை எடைகூட இருக்காது அந்த உயிர்; எழுந்து, எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகப் போனது. நான் அழுதுவிட்டேன். சாமி கும்பிடும் பழக்கத்தை எப்போதோ விட்டவள், அன்று எதையோ கும்பிட்டேன்.

[கதையை இங்கேயே முடித்தால் நன்றாக இருக்கும். ஞாயிறு அவளும் கைதட்டுவாள். முடிக்க முடியாததற்குக் காரணம் அடுத்த பகுதி.]

4

ஜனவரியில் அக்காவுக்கு மெதெயின் நகரத்தில் கண் அறுவை. ஒரு கண் முதல் வாரம், மறு கண் அடுத்த வாரம், பிறகு ஒரு வாரம் தங்கை வீட்டில் ஓய்வு. குப்பிகளை என்னிடம் ஒப்படைத்தாள்.

"ஒரு கப் சீனி, நாலு கப் தண்ணி. கொதிக்க வச்சு ஆத்தணும். ரெண்டு நாளுக்கு ஒருதரம் குப்பியைக் கழுவணும். வெள்ளைச் சீனி மட்டும். கேட்டியா? வெள்ளை மட்டும்."

இதை ஏன் இரண்டு தடவை சொன்னாள் என்றால், இந்த மலையில் வெள்ளைச் சீனி வாங்குகிறவர்களே குறைவு. இங்கே குழந்தை பிறந்தால் வெல்லத்தண்ணீர், காய்ச்சலுக்கு வெல்லத்தண்ணீர், கணக்கெடுக்க வரும் அரசாங்க ஆளுக்கும் அரெப்பா என்கிற சோள ரொட்டியோடு வெல்லத்தண்ணீர். பனேலா என்பார்கள். நம் ஊர் வெல்லமேதான், செங்கல் வடிவில். "அராசெலி மனுசங்களுக்கு வெல்லம் குடுப்பா, குருவிக்கு மட்டும் பட்டணத்துச் சீனி," என்று ஊரே கேலி செய்யும். புதிதாகக் குப்பி கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அன்பு மிகுதியில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். அக்கா வீடுவீடாகப் போய்க் கத்திவிட்டு வருவாள்.

பேருந்து ஏறும்போது சொன்னாள்: "வந்ததும் முதல்ல அவனைத்தான் பாக்கணும். அந்தப் பாதிக் காலுறையை."

5

அக்காவின் பின்னறையில் எவெலியோ என்று ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஜீப் ஓட்டுநர். ஐம்பத்தைந்து வயது, வெல்லப் பிரியர், யார் சொன்னாலும் கேட்காதவர். நான் சந்தைக்குப் போன நாளில், குப்பிகள் காலியாக இருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, தன் பானையிலிருந்த வெல்லத்தண்ணீரை எடுத்து எல்லாவற்றிலும்...

எவெலியோ சரியாக வரவில்லை. மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். மீசை வைத்தேன், எடுத்தேன். இருமல் கொடுத்தேன். வாயைத் திறந்தால் என் குரலில் பேசுகிறார். ஒரு கட்டத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, "ஏம்மா, என் தலையில எதுக்கு இதைக் கட்டுறீங்க?" என்று கேட்பது போலவே இருந்தது.

எவெலியோ என்று யாரும் இல்லை. பின்னறையில் கோழித்தீவனம்தான் இருக்கிறது.

6

நான்தான்.

மழையில் மண்சரிவு, பாதை அடைபட்டது, நான்கு நாள் லாரி வரவில்லை. கடையில் சீனி தீர்ந்துவிட்டது. பசியோடு சிட்டுகள் காலிக் குப்பிகளைச் சுற்றிச்சுற்றி வந்தன. வேறு வழியில்லாமல்...

(மண்சரிவு உண்மை. பாதை அடைபட்டதும் உண்மை. கடையில் சீனி இருந்தது. எட்டு கிலோவாவது இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.)

சரி, இதற்கு மேல் அடிக்கவும் திருத்தவும் இடமில்லை. சீனி விஷம், வெல்லம் மருந்து என்று சொல்லிச்சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கடையில் நின்றபோது எனக்குள் ஒரு பெருமை கிளம்பியது. அக்கா பாவம், கேள்விப்பட்டதைச் சொல்கிறாள்; வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டே, சின்ன உயிர்களுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். பானகம் கரைப்பது போல் கரைத்தேன். ஏலக்காய் போடாதது ஒன்றுதான் குறை. அவையும் குடித்தன. ஆசை ஆசையாகக் குடித்தன. பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மனிதருக்குச் சத்தாகிற இரும்பு அந்தத் துளி உடம்புக்குச் சுமை என்றும், வெல்லத்தண்ணீர் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், அது அவற்றின் நாக்கைக் கெடுக்கும் என்றும் பிறகுதான் படித்தேன்.

7

வெல்லம் ஊற்றத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை மாப்பிள்ளை துவைகல்லில் கிடந்தான்.

எனக்குப் பயமே வரவில்லை. இதுதான் எனக்குத் தெரியுமே! உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அக்காவைப் போலவே அடுப்படியில் உட்கார்ந்தேன். கால்மணி. அரைமணி. ஊதிப் பார்த்தேன். முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். கையைத் திறந்தபோது தொண்டை அப்போதும் பச்சையாகத்தான் எரிந்தது; வெளிச்சம் பட்டால் எரிகிற பச்சைக்கு உயிர் தேவையில்லையாம். அலகிலிருந்து நாக்கு வெள்ளை நூல் போல வெளியே நீண்டிருந்தது. இடது காலில் பாதிப் பஞ்சு.

முற்றத்துப் பிகோனியாப் பூந்தொட்டியில் புதைத்தேன். ஒன்பது குப்பிகளையும் வெந்நீரில் கழுவினேன். எட்டு கிலோ சீனியையும் வாங்கிவந்தேன்.

[வெல்லம்தான் கொன்றதா, மழையா, வயதா? யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த வாக்கியத்தை மூன்று முறை அழித்து மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறேன். நீங்கள் விரும்பினால் அழித்துவிட்டுப் படிக்கலாம்.]

8

அக்கா திரும்பிவந்து, பையைக்கூட இறக்காமல், முற்றத்துக்கு நடந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. குப்பிகளைச் சுற்றி இருபது முப்பது சிட்டுகள். ஊதா, செம்பு, தீ, கருநீலம், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு.

"மாதாவே," என்றாள். நடு முற்றத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு சிட்டு அவளுடைய சிவப்புப் பையைப் பூவென்று நினைத்து வந்து முகர்ந்தது. அவள் மூச்சே விடவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "இவ்வளவும் இங்கேயேவா இருந்துச்சு? என் தலைக்கு மேலயேவா?" என்று கேட்டாள். இருபது வருடத்தில் நான் பார்த்த மிக அழகான காட்சி எது என்று கேட்டால், சிட்டுகளைச் சொல்ல மாட்டேன். அந்த முகத்தைச் சொல்வேன்.

அப்போது கொடிக்கம்பியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். வாலில் இரண்டு கரண்டி, காலில் வெள்ளைப் பஞ்சு. அதே இனத்து வேறு ஒருவன், மாப்பிள்ளை போனபின் இடம்பிடித்தவன்.

"மாப்பிள்ளை!" என்று கத்தினாள். எழுந்து கிட்டே போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டி, ரெண்டு காலும் ஒண்ணு போலத்தானே இருக்கு?"

சொல்வதற்கு அதுதான் நேரம். நான் பிகோனியாத் தொட்டியைப் பார்த்தேன்.

"பாதிக் காலுறைன்னியே. மூணு வருஷமா!" அவள் சிரித்தாள். "கதை எழுதுறவ சொன்னதை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். கண்ணு தெரியாதவகிட்ட என்ன வேணாலும் அளந்து விடலாம்னு விட்டிருக்க."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அவளுக்குக் கண்ணாக இருந்த மூன்று வருடத்தில் ஒரு இறகைக்கூட நான் கூட்டிச் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் நான் மிக நேர்மையாக இருந்த மூன்று வருடம் அது. இப்போது நான் வாய் திறக்காவிட்டால் அந்த மூன்று வருடமும் பொய். திறந்தால், அவன் இல்லை என்பதோடு யாரால் இல்லை என்பதும் தெரிந்துபோகும்.

அதற்குப் பிறகு அவள் "இப்ப யாரு?" என்று என்னைக் கேட்பதே இல்லை.

9

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

மூன்றாம் பகுதியோடு நிறுத்திக்கொள்வது. எவெலியோவுக்கு மறுபடி மீசை வைத்து அனுப்புவது. எல்லாவற்றையும் படிப்பது.

மூன்றாவதில் அவள் என்னை மன்னிப்பது போல் ஒரு பத்தி எழுதியிருந்தேன், நல்ல பத்தி. கிழித்துவிட்டேன். அது அவள் எழுத வேண்டியது.

இதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கோயில் மணி ஓய்ந்து அரைமணி ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். "வெல்லத்தண்ணி ஆறுது, வர்றியா இல்லையா?"

தாள்களோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். கம்பியில் இரண்டு முழுக்காலுறையோடு அவன் இருக்கிறான். அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"புதுக் கண்ணை வச்சுக்கிட்டு ஏன் மூடுறீங்க?"

"நீ சொல்றதைக் கேக்கணும்னா எனக்கு மூடினாத்தான் வருது. பழக்கம்." சற்று நேரம் ர்ர்ர் மட்டும். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து அதைக் கேட்கிறாள். "அவன் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கு, இல்ல?"

நான் தாள்களை வரிசைப்படுத்துகிறேன்.

"சரி, படி. கதைக்கு என்னடி தலைப்பு?"

அது உங்களுக்குத் தெரியும்; எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் படித்தீர்கள். ஐந்து சொற்கள். அதை அவளுடைய மொழியில் சொல்லிவிட்டால் மீதியை நிறுத்த முடியாது. வேறு தலைப்புகளும் கைவசம் இருக்கின்றன. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள்.