நெஞ்சு மாத்திரை

"நாக்கைத் தூக்குங்கப்பா" என்று கயல்விழி மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அரசப்பன் கண்ணைத் திறந்தார். அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையின் தேதி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"பரவால்ல. வையி."

வைத்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து அரை மணி ஆகியிருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் போகிறது, கயிறு கட்டிக்கொண்டு வரப் பார்க்கிறோம் என்றார்கள். மழை விடவில்லை. அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு நனைந்து வாசலுக்கு வந்தபோது அரசப்பன் போய்ச் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். கஜா புயலில் ரோடெல்லாம் மரம் விழுந்து ஊர் அடைபட்டுக் கிடந்தபோது, பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் அவர் மனைவி விஜயலட்சுமி பக்கவாதத்தில் படுத்தாள். பிறகு எழுந்திருக்கவேயில்லை. மருந்துக்கென்றே ஒரு டிரங்குப் பெட்டி வீட்டுக்கு வந்தது அதற்கப்புறம்தான். தெருவுக்கே ஒரு மாதம் தாங்குகிற மருந்து அதற்குள் இருந்தது. வெயில் எட்டாத உள்ளறையில், தரையில் படாமல் பலகை மேல் வைத்திருந்தார். டப்பாவுக்கு டப்பா ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் போட்டு மாதாமாதம் மாற்றுவார். பக்குவமாக வைத்தால் சில மாத்திரைகள் தேதி தாண்டியும் வீரியத்தோடு இருக்கும், எது இருக்கும் எது இருக்காது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார். கண்ணுக்கு விடும் சொட்டு, நெஞ்சு மாத்திரை இரண்டிலும் மட்டும் மகா கறார். தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதுசு வந்துவிடும்.

அப்படிப்பட்டவரிடம், அதுவும் இரண்டு வருஷமாகத் தானே நெஞ்சுவலிக்காரராக இருந்தவரிடம், இந்தப் பழைய அட்டை எப்படி மிஞ்சியது? காலையிலிருந்து கயல்விழிக்கு அந்த ஒரு கேள்விதான்.

மூன்று மணிக்கு அவள் அண்ணன் வளவன் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தான். பாதித் தூரம் டிராக்டரில், மீதி வரப்பில் நடந்து. முழங்கால்வரை சேறு. அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தங்கையிடம் வந்தான். எந்த மாத்திரை கொடுத்தாய் என்று அவன் கேட்டதும் அவள் அட்டையைக் கொடுத்துவிட்டாள்.

"டீச்சர்தானே நீ? தேதி படிக்கத் தெரியாது?"

"வேற இல்லண்ணே."

"இவ்வளவு மருந்து அடுக்கி வச்சிருக்க வீட்ல வேற இல்லையா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளறைக்குப் போனான். பெட்டி தரையில் தேய்ந்துகொண்டு வருகிற சத்தத்தில் ஒப்பாரி நின்றது. வாசற்படி வரை இழுத்து வந்து மூடியில் கை வைத்தான். வெளியே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கயல்விழி ஓடிவந்து மூடியின் மேல் உட்கார்ந்தாள்.

"நனைஞ்சுரும்ணே."

"நனையட்டும். எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டுறேன். எந்திரி."

"மாட்டேன்."

அவன் அவள் தோளைப் பிடித்துவிட்டான்.

"வளவா, அவள விடு."

எதிர்வீட்டு அண்ணாதுரை. பந்தலில் பாடைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தவர், ஈரத் துண்டோடு படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் நெஞ்சுவலியென்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர்.

"போன புதன்கிழமை எனக்கு மறுபடி அடைச்சுச்சு. வீட்ல மாத்திரை தீந்துபோச்சு. உங்கப்பாதான் குடையப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்து புது அட்டையக் குடுத்தாரு. உனக்கு வேணாமாய்யான்னு கேட்டேன். எங்கிட்ட இன்னொன்னு இருக்குன்னாரு." ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பழசுன்னு சொல்லலப்பா. மறுநாள் ஒரத்தநாடு போய் புதுசு வாங்கிக்கிறேன்னாரு. மறுநாள்தான் ரோடு முழுகிப்போச்சே."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அது மட்டும் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தான் வளவன். கயல்விழியின் தோளிலிருந்த கை தானாகவே இறங்கியது.

அண்ணாதுரை சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டு குழிகள் கிழிந்திருந்தன. மற்றவை அப்படியே இருந்தன.

வளவன் வாங்கிக்கொண்டான். அவன் அதை மழையில் விட்டெறியப் போகிறான் என்றுதான் கயல்விழி நினைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேதியை ஒருமுறை வாய்க்குள் படித்தான். ஓரத்து ஈரத்தைச் சட்டையில் ஒற்றிவிட்டு அவர் கையிலேயே வைத்தான்.

"சட்டைப்பையில வைக்காதீங்க மாமா. உடம்புச் சூடு படும். டப்பால போட்டு வச்சுக்கங்க."

அண்ணாதுரை தலையை ஆட்டினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"கயலு, அந்தப் பக்கம் புடி" என்றான் வளவன்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். நல்ல கனம். அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட, பெட்டி சாயாமல், அண்ணன் பின்நடையாக ஓரோர் அடியாக வைத்து உள்ளறைக்குப் போனான்.