ஆறு மில்லிமீட்டர்

நெவெங்காவுக்கு ஷிமே மேல் சந்தேகம் வந்ததற்கு முதல் காரணம் ஒரு தட்டு உலர்ந்த அத்திப்பழம். முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் மனிதர், அதுவரை ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூடச் சும்மா நீட்டியதில்லை. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து அவள் தீவுக்குத் திரும்பிய அன்றே தட்டோடு வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது காரணம் சுவர். அவளுடைய ஆலிவ் நிலத்துக்கும் அவருடைய நிலத்துக்கும் நடுவே, சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய எல்லைச் சுவர் அது. பிப்ரவரிக் காற்றுமழையில் சரிந்து கிடந்ததை, அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஷிமே தனியாளாக அடுக்கி முடித்திருந்தார். கேட்காமல் உதவுகிறவர்களை நெவெங்கா ஒருநாளும் நம்பியதில்லை.

அந்த நிலத்தில்தான் மகள் தோங்கா வீடு கட்டப் போகிறாள். மூனிக்கிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வர அவள் தயார். நகராட்சியின் நிபந்தனை ஒன்றே ஒன்று: மனையின் அகலம் பதினாறு மீட்டராவது இருக்க வேண்டும். இந்தச் சேதியை நெவெங்கா மளிகைக் கடையில் வைத்து ஊருக்கே சொல்லியிருந்தாள்.

ஊன்றுகோலோடு போய் அளவு நாடாவை விரித்தாள். பதினாறு மீட்டர், பத்து சென்டிமீட்டர்.

வேறொருத்தியாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். நெவெங்கா மறுபடி அளந்தாள். அதென்ன கணக்காகப் பத்து சென்டிமீட்டர் மட்டும் மிச்சம்? நிபந்தனை தெரிந்த ஒருவன், எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, அவள் வாயை மூட வேண்டிய அளவுக்கு மட்டும் விட்டுவைத்த மாதிரி அல்லவா இருக்கிறது!

நில அலுவலகத்தில் வரைபட நகல் வாங்கி வந்தாள். மூலையில் 1 : 2880 என்று இருந்தது. பேரரசர் காலத்து வரைபட விகிதம். அந்தக் கரையோரத்தில் அது எல்லோருக்கும் மனப்பாடம். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இரண்டு மீட்டர் எண்பத்தெட்டு. பூதக்கண்ணாடி வைத்து மனையின் அகலத்தை அளந்தாள். ஆறு மில்லிமீட்டர். பெருக்கினாள். பதினேழு மீட்டர் இருபத்தெட்டு.

ஒரு மீட்டர் பதினெட்டைக் காணோம்.

மறுநாள் காலை கடையில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டாள்.

"என்ன ஷிமேண்ணே, கல்லு அடுக்கறப்ப கை கொஞ்சம் நழுவிடுச்சோ? ஒரு மீட்டர் பதினெட்டு நழுவிடுச்சே!"

ஷிமேயின் முகம் சுருங்கியது. "சுவரு இருக்கிற இடத்துல இருக்கட்டும், நெவெங்கா. அதைக் கிளறாதே."

"ஏன், கிளறினா என்ன வரும்? படுத்துக் கிடக்கறவ நிலத்தைத் திருடினது வெளிய வரும், அதானே?"

கடைக்காரி பெரினா, "ஐயோ, மெதுவா பேசேன்டி" என்றாள். ஷிமே பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா என்று நெவெங்கா எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கே எல்லைத் தகராறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நில அலுவலகத்துக்கு அனுப்பியும் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து நில அளவையாளர் தோரா அளக்கும் கருவியோடும் அதன் முக்காலியோடும் வந்து இறங்கினாள். ஷிமே தன் பக்கத்து மரத்தடியில் கைகட்டி நின்றார். நெவெங்கா தன் கணக்கை நீட்டினாள்.

தோரா படித்துவிட்டுக் கேட்டாள், "உங்க வீட்டை அளந்து பாத்தீங்களாம்மா?"

"என் வீட்டை எதுக்கு? அது எங்க ஓடிப்போச்சு?"

தோரா வரைபடத்தில் அளவுகோலை வைத்தாள். "வீட்டு முகப்பு நாலு மில்லிமீட்டர். உங்க கணக்குப்படி பதினொன்றரை மீட்டர். நிஜத்துல?"

"பத்து."

"தேவாலயம் எட்டு. அப்போ இருபத்துமூணு மீட்டர் நீளம் இருக்கணும்."

"அது இருபதுதான். ஊருக்கே தெரியும்."

"அப்போ இவரு உங்க வீட்டுல ஒண்ணரை மீட்டரும் தேவாலயத்துல மூணு மீட்டரும் சேர்த்துத் திருடியிருக்காரு, இல்லையா?" தோரா சிரித்தாள். "எல்லாமே ஒரே விகிதத்துல குறைஞ்சா, தப்பு ஸ்கேல்லதாம்மா. பழைய படத்தை ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பெருசாக்கி வரைஞ்சவங்க, மூலையில இருந்த எழுத்தையும் அப்படியே நகலெடுத்துட்டாங்க. ஒரு மில்லிமீட்டருக்கு ரெண்டரை மீட்டர். பெருக்கிப் பாருங்க."

ஆறு, இரண்டரை. பதினைந்து.

நெவெங்கா மறுபடி பெருக்கினாள். பதினைந்துதான். ஆனால் தரையில் பதினாறு மீட்டர் பத்து இருக்கிறது. சுவர் நகர்ந்திருந்தது, அவள் சொன்னது சரிதான். நகர்ந்திருந்தது ஷிமேயின் நிலத்துக்குள்.

அவள் மரத்தடிப் பக்கம் திரும்பினாள். "ஷிமேண்ணே... நீங்களா?"

"சுவரோட பழைய அடிக்கல்லுலேர்ந்து அளந்தேன். பதினஞ்சுதான் இருந்துச்சு. பதினாறு இல்லாம தோங்கா எப்படி வீடு கட்டுவா?" என்றார் ஷிமே மரத்தைப் பார்த்தபடி. "கேட்டுட்டுச் செஞ்சா நீ வாங்கிக்க மாட்டேன்னு சத்தம் போடுவே."

நெவெங்கா தோராவின் கையைப் பிடித்தாள். "நான் எழுதினதைக் கிழிச்சுடும்மா. சுவரு இங்கயே இருக்கட்டும்."

"ரெண்டு பேரும் முதல்லயே இதுதான் எல்லைன்னு சுவரைக் காட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தா, அப்படியே பதிஞ்சிருப்பேன். இப்ப தகராறுன்னு வந்துடுச்சு. அவரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் விட முடியும். இல்லேன்னா படத்துல உள்ளபடிதான்."

இருவரும் ஷிமேயைப் பார்த்தார்கள். நெவெங்கா தன் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று கேட்டாள், இரண்டு முறை.

"கடையில நாலு பேரு இருந்தாங்க, நெவெங்கா," என்றார் ஷிமே. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "இப்ப இந்தச் சுவரை விட்டேன்னா, திருடினதைத் திருப்பிக் கொடுத்தான்னு பேசுவாங்க. படத்துல உள்ளபடியே அளங்கம்மா."

தோரா நாடாவின் நுனியை நீட்டினாள். பிடிக்க வேறு ஆள் இல்லாததால் நெவெங்காவே அதை வாங்கிக்கொண்டு, நிலத்தின் மறுகோடியில் எல்லைக்கல்லில் வைத்து அழுத்தினாள். நாடா அவள் விரலடியில் இறுகியது.

"பதினஞ்சு," என்று தோரா அங்கிருந்து குரல் கொடுத்து, மண்ணில் ஆணி அடித்தாள்.

ஷிமே குனிந்து சுவரின் முதல் கல்லை எடுத்தார்.