நட்சத்திரம் இட்ட கட்டம்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போகிறவர்கள் கைபேசியை வாசலிலுள்ள தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஏன் இத்தனை கெடுபிடி என்றால், அந்த நகரத்தில் வரி கட்டுகிற அத்தனை பேரும் அங்கே ஒரே கணினிக்குள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேர் இல்லாமல், ஆளுக்கொரு எண்ணோடு.

அந்த அறையில் வேலை பார்த்தவள் ஒரு பொருளாதார ஆய்வாளர். நாற்பத்தெட்டு வயது. சின்ன வயதில் படி ஏறினால் படியை எண்ணுவாள், சட்டை மாட்டினால் பொத்தானை எண்ணுவாள். அதைப் பார்த்து அவள் தம்பி வைத்த பட்டப்பெயர் 'கூட்டலக்கா'.

அப்போது அவள் கையிலிருந்த வேலை இது. ஆற்றோரம் பழைய கிடங்குகள் இருந்த ஐந்து பேட்டைகளுக்குப் பெரிய நிறுவனங்களை வரிச்சலுகை கொடுத்து நகராட்சி வரவழைத்திருந்தது. கூடவே மரம் நட்டார்கள், பேருந்து விட்டார்கள். இடம் அழகாகிவிட்டது, சரி. ஆனால் ஏற்கெனவே குடியிருந்த ஜனம் அங்கேயே கால் ஊன்ற முடிந்ததா, வாடகை அவர்களைத் துரத்திவிட்டதா? பன்னிரண்டு வருஷத்து வரிப் பதிவுகளைத் தொழில்வாரியாகப் பிரித்து, யார் தங்கினார்கள், யார் போனார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று அவள் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. அட்டவணையில் எந்தக் கட்டத்திலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், அந்த எண்ணை வெளியே காட்டக் கூடாது. அழித்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் யாரென்று அக்கம்பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்களே! எல்லாவற்றையும் எண்ணுகிறவள், இருபது வருஷத்தில் தான் போட்ட நட்சத்திரங்களை மட்டும் எண்ணியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். மூன்றாவது பேட்டையின் அட்டவணையில், 'நீருக்கடியில் பற்றவைப்பு' என்ற தொழிலுக்கு நேரே 'ஒன்று' என்று வந்து நின்றது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

தம்பிக்கு அதுதான் தொழில். முக்குளித்துப் போய், பாலத்துத் தூணையும் குழாயையும் தண்ணீருக்குள்ளேயே வெல்டிங் வைத்துப் பற்றவைக்கிறவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா கண்ணை மூடினபோது அவன் நடுக்கடலில் வேலையாக இருந்தான். தகவல் எட்டி, விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பையும் கையுமாக வாசலில் நின்றவனைப் பார்த்ததும், துக்கத்தில் இவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

"இப்ப எதுக்கு வந்தே?"

அவ்வளவுதான் கேட்டாள். பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போனான். அப்புறம் அவன் தொலைபேசி எண் மாறிவிட்டது. இவள் போட்ட கடிதங்களெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

ஒற்றை ஆள் வந்தால் பதிவைத் திறந்து பிழையிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலையில் சேர்ந்ததுதான். திறந்தாள். பிறந்த வருஷம் அவனுடையதே. வீட்டை விட்டுப் போன பின் முதல் ஏழு வருஷத்தில் ஆறு தடவை வீடு மாறியிருந்தான். பாவி, எங்கெங்கே அலைந்தானோ! பிறகு இந்தப் பேட்டைக்கு வந்து நான்கு வருஷமாக ஒரே வீடு. 'வீட்டில் உள்ளோர்' என்ற பத்தியில் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வந்துகொண்டிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் இரண்டு. போன வருஷம் மூன்று.

"அப்போ நான் அத்தையா?" என்று வாய்விட்டே கேட்டாள். கணினி பதில் சொல்லுமா?

எண்ணுக்குரிய முகவரி வேறொரு கோப்பில் இருந்தது. அதன் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். இரண்டே தட்டு, தெருவும் கதவு எண்ணும் வந்துவிடும். பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அந்த வேலைக்கு வந்திருந்தாள். சொல்லுங்கள் கண்ணுகளா, பதினோரு வருஷம் ஏங்கிக் கிடந்தவளுக்குக் கையெழுத்து பெரிதாகத் தெரியுமா? விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

அந்நேரம் பக்கத்து மேசைக்காரி உள்ளே வந்தாள். கூட வேலை பார்க்கும் சிநேகிதி.

"ஏண்டி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"ஒண்ணு வந்திருக்கு."

"ஒண்ணுதானே? நட்சத்திரத்தப் போட்டுட்டு எழுந்திரு. பசி உயிர் போகுது."

"அந்த ஒண்ணு என் தம்பியா இருந்தா?"

சிநேகிதியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியாத கதையா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம்டி. இன்னிக்கு முகவரியப் பாத்தா நாளைக்கே கதவத் தட்டுவே. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேப்பான். என்ன சொல்லுவே? வரிக் கணினியில திருடிப் பாத்தேன்னா? அப்புறம் மறுபடியும் வீடு மாறுவான்."

அவள் முகவரிக் கோப்பிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு நட்சத்திரத்தை அழுத்தினாள். 'ஒன்று' மறைந்தது. தம்பியை இரண்டாம் தடவையும் வாசலோடு அனுப்பிவிட்டது போல இருந்தது.

அட்டவணைக்கு அடியில் வழக்கமாக ஒரு குறிப்பு இருக்கும்: 'நட்சத்திரம், போதிய எண்ணிக்கை இல்லை.' அவள் அதை அடித்துவிட்டு எழுதினாள்: 'நட்சத்திரம் இட்ட கட்டத்தில் யாரும் இல்லை என்று அர்த்தமல்ல. இருக்கிறார்கள். அவர்களையும் எண்ணியிருக்கிறோம்.'

"இது அறிக்கையாடி, கடுதாசியா?" என்றாள் சிநேகிதி.

"ரெண்டும்தான்."

முடிவுகள் ஐந்து பேட்டைப் படிப்பகங்களிலும், ஆய்வாளர்கள் பெயரோடு, சுவரில் மாட்டப்பட்டன. பழைய குடிகளில் பத்துக்கு நான்கு பேர் போய்விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் ஒரு சீட்டில் கேள்வி எழுதி அங்குள்ள பெட்டியில் போடலாம். பதிலை எழுதி அங்கேயே பலகையில் குத்தி வைப்பார்கள். மூன்றாவது பேட்டையில் அட்டவணை மாட்டப் போன அன்று, முக்குளித்து அகன்ற தம்பியின் தோளாக இருக்குமோ என்று, உள்ளே வந்த ஒவ்வொரு ஆண்பிள்ளையின் தோளையும் அவள் பார்த்தாள். ஒன்றும் அவன் தோள் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள்.

'எங்க வாடகை எப்பக் குறையும்?' 'கம்பெனிக்குச் சலுகை, எங்களுக்கு மரத்து நிழல் மட்டுமா?' 'மின்விசிறி ஓடல, அதையும் ஆராய்ச்சி பண்ணுங்க.'

அடுத்த சீட்டில் பென்சில் அழுந்த அழுந்த எழுதியிருந்தது:

'கூட்டலக்காவுக்கு. நட்சத்திரத்தப் பாத்தேன். இப்ப வந்தா, எதுக்கு வந்தேன்னு கேப்பியா?'

அவள் அந்தச் சீட்டை முகத்தோடு வைத்துக்கொண்டாள். சிநேகிதி மற்றச் சீட்டுகளை அடுக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் 'தங்கள் கேள்விக்கு நன்றி' என்று ஆரம்பித்தது. அதன் கீழே மளமளவென்று எழுதினாள்: 'கேக்கவே மாட்டேன். அதே வீடு, அதே வாசல். மூணு பேரும் வாங்க.'

சிநேகிதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மூணு பேருன்னு உனக்கு யாருடி சொன்னா?"

அவளுக்குச் சுருக்கென்றது. யாரும் சொல்லவில்லையே! அந்த ஜன்னலில்லாத அறை சொன்னது.

ரப்பரை எடுத்து 'மூணு' என்பதை மட்டும் பொறுமையாக அழித்தாள். அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள். மின்விசிறிக்கான பதிலுக்குப் பக்கத்தில், அவன் கண் மட்டத்துக்கு இருக்கட்டும் என்று, எட்டி உயரமாகவே குத்தி வைத்தாள்.