இருபது அடி ஒரு ராடு

திருச்செங்கோட்டில் ஒரு டயர் கடை மாடியில் இருந்தது அந்த சாஃப்ட்வேர் கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். அதில் டீம் லீடர் மோகன்குமாரைப் பார்த்தாலே தனப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வேலை. அவனுக்கு வளர்வதே வேலை. வெள்ளிக்கிழமை நாலு மணியானால் போதும், எல்லோரையும் உட்காரவைத்து 'குரோத் ஹவர்' நடத்துவான். வாரம் ஒரு புத்தகம் படி, மாதம் ஒரு கோர்ஸ் முடி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு. அவன் வாங்கிய பதினாறு சர்டிபிகேட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் தொங்கின. சரி, அவன் எழுதும் கோட் எப்படி? அதை ஏன் கேட்கிறீர்கள்! நாலு வருஷமாக அதில் ஓட்டை அடைத்தே தனப்பிரியாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பவர் ஏறிவிட்டது.

இப்போது எல்லாம் ஒரே ஒரு ஆப்பில் வந்து நின்றது. நாச்சிமுத்து என்பவரின் போர்வெல் வண்டிகளுக்காகச் செய்தது. வண்டியில் துளை போடும் டிரில்லர் அன்று எத்தனை அடி ஓட்டினார் என்று போனில் போட வேண்டும். உடனே தோட்டத்துக்காரருக்கு மெசேஜ் போய்விடும். இது ஒழுங்காக ஓடினால் மோகன்குமார் மேனேஜர். கவிழ்ந்தால் அவன் நாற்காலி தனப்பிரியாவுக்கு. முதலாளி தமிழ்ச்செல்வி அதைச் சாடையாகச் சொல்லியும் இருந்தார்.

முதல் வாரம் சோதனை ஓட்டத்தில் வந்த எண்களைப் பார்த்து மோகன்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். 'அடி' என்ற கட்டத்தில் 28, 30, 41 என்று இருந்தது.

"முப்பது அடியில எவனாச்சும் போர் போடுவானா? ஒரு சைபர் சேத்துப் போடத் தெரியல பாருங்க இவனுங்களுக்கு. படிப்பு வேணுமுங்கறது இதுக்குத்தான்."

நூற்றுக்குக் கீழே எது வந்தாலும் பத்தால் பெருக்கிக்கொள் என்று ஒரு வரி எழுதினான். சரிபார்க்கச் சொல்லி தனப்பிரியாவுக்கு அனுப்பினான்.

அந்த வரியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பா சின்னண்ணன் இருபது வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். எந்த ஊரிலிருந்து போன் பண்ணினாலும், "இன்னிக்கு முப்பது ராடு சாமி" என்பார். "அறுநூறு அடிப்பா" என்பாள் இவள். இருபதாம் வாய்ப்பாட்டை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. டிரில்லர்கள் சைபரை விடவில்லை. எப்போதும்போல, குழிக்குள் இறக்கிய இருபது அடி ராடைத்தான் எண்ணிப் போட்டிருக்கிறார்கள்.

எழுந்து போய்ச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் என்ன நடக்கும்? வெள்ளிக்கிழமை அதையும் தான் கண்டுபிடித்ததாகப் பேசுவான். பதினாறு சர்டிபிகேட்டும் வந்து காப்பாற்றட்டுமே! 'சரி' என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அன்றைக்கு டீ ருசியாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் நாச்சிமுத்து படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, என்ற ஆளுங்க வேலூர்ல அறுநூறு அடி ஓட்டிப்போட்டு நிக்கறாங்க. உங்க மெசேஜு முந்நூறுங்குது. அறுநூறு அடிக்குக் காசு கேட்டா, தோட்டத்துக்காரரு என்னையப் பித்தலாட்டக்காரன்னு பேசிப்போட்டாருங்க! வாழத்தோப்புக்குள்ள வண்டிய மறிச்சு டிராக்டர நிறுத்தி வெச்சிருக்கறாரு."

"உங்க ஆளுங்கதாங்க முப்பதுன்னு தப்பாப் போட்டுட்டாங்க" என்றான் மோகன்குமார்.

"முப்பதுதாம் போடுவான்! எறக்கறது ராடு, எண்ணறது ராடு. வேற எதையப் போடுவான்? இருபது அடி ஒரு ராடு. இந்த ஊரு நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியுமே!"

தனப்பிரியாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இவன் இனி முழிப்பான், மழுப்புவான் என்று காத்திருந்தாள். அந்த மானங்கெட்டவனோ நோட்டை எடுத்தான். "தெரியலீங்க, மன்னிச்சுக்கங்க. எல்லா வண்டிக்கும் இருபது அடி ராடுதானுங்களா? கேசிங் பைப்ப எப்படி எண்ணுவாங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினான். அரை மணி நேரம். நாச்சிமுத்துவின் குரலும் இறங்கிவிட்டது.

கிளம்பும்போதுதான் அவர் இவளைக் கவனித்தார்.

"அம்மணி, நீ சின்னண்ணன் புள்ளதான? உங்கொப்பன் என்ற வண்டிலதான் இருந்தான். ராடு சொன்னா அடி சொல்லுவியாமா, வண்டி பூராவும் பெருமையடிப்பானே. நீ இங்கயே இருந்துமா இப்படி ஆச்சு?"

தமிழ்ச்செல்வி கம்ப்யூட்டரில் அந்த வரியைத் திறந்தார். எழுதியது மோகன்குமார், ஒப்புதல் தனப்பிரியா.

"இதப் பாத்துத்தான் ஓகே பண்ணீங்களா தனப்பிரியா? உங்களுக்குத் தோணலையா?"

தோணவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. இவனோடு சேர்த்து எனக்கும் தெரியாது என்பதா? இவனும் நானும் ஒன்றா? எதை விட்டாலும் அவனைவிடத் தெரிந்தவள் என்ற பெருமையை மட்டும் அவளால் விட முடியவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

மோகன்குமார் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தெரியாதவன் இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டான். தெரிஞ்சவளுக்கு நான் என்னத்தச் சொல்றது? இந்தப் புள்ள கைபட்டது எதும் என்ற வண்டிக்கு வேண்டாமுங்க" என்று தமிழ்ச்செல்வியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பத்தை இருபதாக மாற்றியதும் ஆப் ஒழுங்காக ஓடியது. அந்த வெள்ளிக்கிழமையும் நாலு மணி ஆனது. மோகன்குமார் மேனேஜராக நின்றுகொண்டு, வாடிக்கையாளரிடமிருந்து கற்பது பற்றிப் பேசினான். பலகையில் பெரிய எழுத்தில் 'இருபது அடி = ஒரு ராடு' என்று எழுதினான். டீமில் இருந்த பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

"நீங்களும் எழுதிக்கங்க தனப்பிரியா" என்றான். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை, எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னான். அவள் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள்.