ஜெயசீலியின் பத்து முகங்கள்

ஜெயசீலியின் கைரேகைகள் அவள் விரல்களில் இல்லை. செங்கரை ஊரில் பத்துப் பெண்களின் முகங்களில் இருந்தன.

பதினாறு வருடமாக ஃபேஷியல் செய்கிறவள். வெறுங்கையால் கிரீமைத் தேய்த்துக் கன்னத்தைக் கீழிருந்து மேலாக நீவும்போது, சில முகங்கள் விரலை விட மனசில்லாமல் பிடித்துக்கொள்ளும். விரலை எடுப்பாள், ரேகை அங்கேயே தங்கிவிடும். முதலில் போனது வலது சுண்டுவிரல், தபால்காரர் மனைவியின் நெற்றிக்கு. வலது பெருவிரல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை திலகராணி டீச்சரின் தாடையில் குடியேறியது. அன்றிலிருந்து ஜெயசீலி தன் செல்போனைத் திறக்க வேண்டுமானால் தெருவைக் கடந்து டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். டீச்சர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தாடையை நீட்டுவார். போன் திறந்துகொள்ளும். இதில் யாருக்கும் குறை கிடையாது. கைராசிக்காரி என்று ஊர் சொல்வது சும்மாவா? ரேகை தங்கிய முகம் நாலு நாள் கூடுதலாகப் பளிச்சென்று இருக்கும் என்று மற்றவர்கள்தான் வயிறெரிந்தார்கள்.

கடைசியாக மிச்சமிருந்த இடது பெருவிரல் ரேகை, நாத்தனார் மெர்சியின் கன்னத்துக்குப் போயிற்று. போன மறுமாதமே மெர்சி தன் மகளின் கல்யாண அலங்காரத்துக்கு வேறு பார்லரைப் பிடித்தாள். கைராசிக்காரியின் சொந்த வீட்டுப் பெண், வேறொருத்தி சீவிவிட்ட தலையோடு சர்ச்சுக்குள் நடந்தாள். அந்த அவமானம் ஜெயசீலிக்கு நாலு வருடமாக ஆறவில்லை. எதிரெதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. ஃபேஷியல் செய்கிற எவரும் கையுறை அணிய வேண்டும். கொண்டுவந்தவர் சுகாதார ஆய்வாளர் பரமதயாளன். அடர்ந்த மீசைக்காரர், நல்ல மனிதர், எழுதிய உத்தரவை மாற்றாதவர். அவரிடம் உள்ள கஷ்டமே அதுதான்.

"வெறுங்கையில செஞ்சா கையில உள்ளது முகத்துக்குப் போயிருது. அப்புறம் ஆபீஸ்ல யாரை யாருன்னு எழுதுறது?" என்றார்.

"முகம் எந்த இடத்துல இறுகிக் கெடக்குன்னு விரலுக்குத்தான சார் தெரியும்? ரப்பருக்கு என்ன தெரியும்?" என்றாள் ஜெயசீலி.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்கம்மா."

போட்டுப் பார்த்தாள். கிரீமின் குணமெல்லாம் கையுறையிலேயே நின்றுவிட்டது. வந்த பெண்கள் வந்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். கையுறைகளோ நாளுக்கு நாள் மெருகேறின. கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டு, மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த ஒருவர், எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துப் போனார். எட்டாம் நாள் ஜெயசீலி கையுறைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அது கடை உரிமத்தைப் புதுப்பிக்கும் மாதம். இந்த வருடம் முதல் அதற்குப் பத்து ரேகைகளையும் இயந்திரத்தில் பதிய வேண்டும். நகராட்சிக்கு இருந்ததே ஒரு இயந்திரம்தான், வாசலில் மாட்டியிருந்தது. காலையில் அது ஊழியர்களின் வருகையைப் பதியும், பிறகு உரிமம் தரும். கடைசி நாளன்று ஜெயசீலி அதில் விரலை வைத்தாள்.

"அடையாளம் இல்லை" என்றது இயந்திரம். பத்து விரலுக்கும் பத்துத் தடவை சொன்னது. அதே குரலில் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பரமதயாளன் வெளியே வந்தார். "கைநாட்டு வைக்கக்கூட வழியில்லாமப் போச்சே. கையுறை போட்டிருந்தா இது வருமா? அஞ்சு மணிக்குள்ள பத்து ரேகையும் விழணும்மா. இல்லன்னா கடைக்கு சீல் வைக்கணும்."

"என் விரல்ல இருந்துதான் விழணுமா சார்?"

அவர் விதிப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். "உரிமையாளரோட பத்து ரேகைன்னுதான் போட்டிருக்கு. விரல்னு எங்கயும் இல்ல."

மூன்று மணிக்கு ஒன்பது பெண்கள் நகராட்சி வாசலில் வரிசையாக நின்றார்கள். திலகராணி டீச்சர் பள்ளிக்கூடப் பழக்கத்தில் வலக்கை ஒரு பக்கம், இடக்கை ஒரு பக்கம் என்று பிரித்து நிறுத்தினார். முதலில் தன் தாடையை இயந்திரத்தில் பதித்தார்.

"வலது பெருவிரல். பொருந்தியது."

பலசரக்குக் கடை ராஜபுஷ்பம் கன்னத்தைக் கொடுத்தாள். வலது நடுவிரல் மூக்கின் மேல் இருந்ததால், அதை வைத்திருந்த நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தபால்காரர் மனைவி பொட்டை எடுத்துவிட்டு, சாமி கும்பிடுகிறவள்போல் குனிந்தாள். பொருந்தியது, பொருந்தியது என்று இயந்திரம் சொல்லச் சொல்ல ஜெயசீலி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினாறு வருட உழைப்பு இப்படி வரிசையில் வந்து நின்று அவள் பார்த்ததில்லை.

நாலரை மணிக்கு ஒன்பது ரேகைகள் முடிந்தன. இடது பெருவிரல் மட்டும் பாக்கி.

மெர்சியைக் கூப்பிட ஜெயசீலி போகவில்லை. கடை போனால் போகட்டும் என்று நினைத்தாளா என்றால் அதுவும் இல்லை. கடைதான் அவளுக்கு எல்லாம். இருந்தும் வாய் வரவில்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பரமதயாளன் அரக்கையும் மெழுகுவர்த்தியையும் எடுத்து வெளியே வைத்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மெர்சி இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் நேரே இயந்திரத்திடம் போனாள்.

"காலையில இருந்து கன்னம் ஒரே அரிப்பு. இங்க வந்தாத்தான் ஆச்சுன்னு நிக்கு," என்று இயந்திரத்திடம் சொன்னாள். "நான் ஒண்ணும் யாருக்காகவும் வரல."

கன்னத்தை வைத்தாள்.

"அடையாளம் இல்லை."

மறுபடி வைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது. ஜெயசீலிக்குப் புரிந்துவிட்டது. மெர்சி பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

டீச்சர் கைக்குட்டையை நீட்டினார். ஜெயசீலி அதை வாங்கவில்லை. அருகில் போய், ரேகை இல்லாத தன் பெருவிரலை மெர்சியின் கன்னத்தில் வைத்து மெல்ல நீவினாள். மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கீழ இருந்து மேல," என்றாள் மெர்சி, கண்ணைத் திறக்காமலே. "அந்தப் பார்லர்க்காரி மேல இருந்து கீழ தேய்க்கா. நாலு வருசத்துல என் முகமே தொங்கிப் போச்சு."

"பாத்துட்டுத்தான மதினி இருக்கேன்," என்றாள் ஜெயசீலி. நாலு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

மெர்சி கண்ணீரில் ஈரமான கன்னத்தை இயந்திரத்தில் பதித்தாள்.

"இடது பெருவிரல். பொருந்தியது. வணக்கம், ஜெயசீலி."

உரிமம் வெளியே வந்தது. உரிமையாளர் படம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து முகங்களும் இருந்தன. ஜெயசீலி அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதாள். தேரை இழுத்து நிலையில் சேர்த்தவர்கள்போலப் பத்துப் பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பரமதயாளன் அரக்கையும் மெழுகுவர்த்தியையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"கடை உங்களுக்குத்தான்மா. ஆனா கையுறை உத்தரவு அப்படியேதான் இருக்கு. ரத்து பண்ண நான் ஆபீஸ்ல உக்காந்து ஒப்பம் போடணும். நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம், லீவு," என்றார். பிறகு பத்து முகங்களையும் ஒருமுறை பார்த்தார். "எனக்கும் ஒண்ணு பண்ணி விடுங்களேன். வெறுங்கையாலயே."

அன்று சாயங்காலமே அவர் ஜெயசீலியின் நாற்காலியில் சாய்ந்தார். அவள் வழக்கம்போல் தேய்த்தாள். கொடுக்க விரல்களில் ரேகை எதுவும் இல்லை, பத்தும் காலி. பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டால் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்? முடித்துக் கையை எடுத்தபோது அவருடைய மீசை அவளுடைய வலது பெருவிரலில் இருந்தது.

பரமதயாளன் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கு."

"மீசை சார்?"

"உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் வாசல்ல மட்டும் ஒரு தடவை காட்டிருங்கம்மா. எனக்கு ஒரு லீவு மிச்சமாகும்."

மறுநாள் மெர்சியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, ஜெயசீலி சரியாகப் பத்து மணிக்குப் பெருவிரலை இயந்திரத்தில் வைத்தாள்.

"வணக்கம், பரமதயாளன் சார்."

அலுவலக உதவியாளர் கதவைத் திறந்துவிட்டு, மேஜையைத் துடைத்து, டீ கொண்டுவந்து வைத்தார். முதல் கோப்பு கையுறை உத்தரவு. ஜெயசீலி அதை ஒரு வரி விடாமல் படித்தாள். ரத்து என்று எழுதினாள். மீசையை ஸ்டாம்பு பேடில் ஒற்றி அதன் கீழே வைத்தாள். பிறகு மீசையைத் துடைத்து, சின்னச் சீப்பால் இரண்டு பக்கமும் வாரிவிட்டு, அடுத்த கோப்பைக் கொண்டுவரச் சொன்னாள்.